செவ்வாய்க்கிழமை மட்டும் தமிழில் பேசும் கிளினிக்

நுவரெலியா மாவட்டத்தின் அரச வைத்தியசாலை ஒன்றில் இயங்கும் உளநலக் கிளினிக்கிற்கு, கஞ்சாப் பழக்கத்தை விட விரும்பிய என் தம்பியை நான்கு மாதங்களாக அழைத்துச் செல்கிறேன். பிள்ளையை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் தவிக்கும் குடும்பங்கள் தோட்டங்களில் இருப்பதால், அங்கே கண்ட நல்லது கெட்டது இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

தம்பி பதினேழு வயதில் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவன். ஐந்து வருடம் கழித்து ஊர் திரும்பியபோது வாந்தியும் வயிற்றுவலியும் அவனை வாட்டின. மலையில் கொழுந்து பறித்துவிட்டு வரும் அம்மா, சுமந்து வந்த விறகை எரித்து நாளுக்கு ஐந்தாறு தடவை சுடுநீர் காய்ச்சிக் கொடுப்பார். சூடாக ஊற்றினால்தான் வலி அடங்குகிறது என்று அவன் குளிக்கும் இடத்தைவிட்டு எழும்ப மறுப்பான். தோள்பட்டை இரண்டும் சிவந்து தோல் உரிந்திருந்தன. டவுனில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் வாய்வு என்று மூன்று முறை மருந்து தந்தார்கள். வயிற்றுக்குள் குழாய் விட்டும் பார்த்தார்கள். அவன் கஞ்சா புகைக்கிறானா என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்தக் கிளினிக்கின் வைத்தியர் கேட்ட முதல் கேள்வியே, சுடுநீரில் குளித்தால் சுகமாக இருக்கிறதா என்பதுதான். பல வருடங்கள் அடிக்கடி கஞ்சா புகைப்போரில் சிலருக்கு இப்படி விட்டுவிட்டு வாந்தி வரும் என்றும், 2004ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய வைத்தியர்கள் இதனை விவரித்து எழுதினார்கள் என்றும், புகைப்பதை முற்றாக நிறுத்தினால்தான் இது நிற்கும் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். கஞ்சா குமட்டலைத் தணிக்கும் என்று மட்டுமே கேள்விப்பட்டிருந்த தம்பி, அன்றுதான் வாய் திறந்து பேசினான்.

இந்தப் பழக்கத்தை நிறுத்துவதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை. சிகிச்சையின் பெரும்பகுதி பேச்சுத்தான். உளவளத்துணையாளரான மிஸ் அவனைக் கடிந்துகொள்ளவே இல்லை. ஒரு வாரத்தில் எந்த நேரத்தில், யாரோடு, என்ன மனநிலையில் புகைக்கிறான் என்பதைக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் அவனையே எழுதச் சொன்னார். பின்னேரம் ஆறு மணிக்கு மதகடியில் கூடும் நண்பர்கள்தான் முக்கிய காரணம் என்பதை அவனே கண்டுகொண்டான். நிறுத்திய ஓரிரு நாட்களில் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, பயங்கரக் கனவுகள் வரும், முதல் வாரத்தில் அவை உச்சத்துக்குப் போய் இரண்டு மூன்று வாரங்களில் தணியும் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால்தான், தம்பி தட்டை வீசி எறிந்த இரவில் நாங்கள் பதறவில்லை. புகைப்போரில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அடிமையாகிறார், பதின்வயதில் தொடங்கினால் ஆறில் ஒருவர் என்பதையும் அவரிடமிருந்தே அறிந்தோம். எங்கள் மாமா ஒருவர் மனநோயால் பாதிக்கப்பட்டவர் என்று சொன்னதும், அத்தகைய குடும்பத்தில் பிறந்தவருக்குக் கஞ்சா கூடுதல் ஆபத்து என்று தனியாக எடுத்துரைத்தார். ஒரு கோயில் திருவிழாவில் அவன் சறுக்கி மீண்டும் புகைத்ததைத் தானாகவே சொன்னபோதும், அவர் திகதியை மட்டும் குறித்துக்கொண்டு அடுத்த வாரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

குறைகளும் உண்டு, அவை சிறியவை அல்ல. பதிவு செய்யும் இடத்தில் ஓர் ஊழியர் “கஞ்சா கேஸ்” என்று உரக்கச் சொல்ல, எங்கள் தோட்டத்துக்காரர்கள் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி அன்றே வீடு திரும்பப் பார்த்தான். கஞ்சா வைத்திருப்பது சட்டப்படி குற்றம் என்பதால் பொலிஸுக்குப் பயந்தே வரும் ஒருவனுக்கு இது எவ்வளவு பெரிய அடி என்பதை அந்த வைத்தியசாலை உணர வேண்டும். படிவம் சிங்களத்தில் மட்டுமே இருக்கிறது. தமிழ் பேசும் மிஸ் செவ்வாய்க்கிழமை மட்டுமே வருகிறார். ஒவ்வொரு செவ்வாயும் எனக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகிறது. நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு, இலவச சிகிச்சையின் உண்மையான செலவு அதுதான்.

போகிறவர்கள் காலை ஏழு மணிக்கு முன்பே நம்பர் துண்டு எடுங்கள். பழைய மருந்துச் சீட்டுகளையும் அடையாள அட்டையையும் கொண்டுபோங்கள். பதிவு மேசையில் உளநலக் கிளினிக் என்று மட்டும் சொன்னால் போதும், மற்றதை அறைக்குள் சொல்லலாம். செவ்வாயில் போக முடியாதவர்கள், தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம்.