அலமாரிக்குள் ஆறு வருடமாக ஒரு மேவரிக் 88

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டினிலிருந்து முக்கால் மணி நேரத் தொலைவில் 2 ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்கியபோது, பக்கத்து நிலத்துக்காரர் வந்து பேசினார். கிணறு, செப்டிக் டேங்க், காட்டுப்பன்றி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, "ஷெரிஃப் ஆபீசுக்குப் போன் போட்டால் அவர்கள் இங்கே வர அரை மணி நேரம் ஆகும், தெரியும்தானே?" என்றார். எனக்குத் தெரியாது. அதை ஒரு வருடம் மனசுக்குள் வைத்துப் புரட்டிவிட்டு, 2019 நவம்பரில் ஒரு பம்ப் ஷாட்கன் வாங்கினேன், ஒவ்வொரு தடவை சுட்டதும் முன்பிடியைப் பின்னால் இழுத்து முன்னே தள்ள வேண்டிய வகைத் துப்பாக்கி. மேவரிக் 88, 12 கேஜ் (குழலின் உள் அகலத்தைக் குறிக்கும் எண்), பதினெட்டரை இன்ச் குழல். வரியோடு சேர்த்து 220 டாலர்கூட ஆகவில்லை.

நம் ஆட்கள் முதலில் கேட்பது விசாவைப் பற்றித்தான். கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் பொதுவாக வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது என்கிறது மத்தியச் சட்டம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். அதில் கஞ்சா பற்றியும் ஒரு கேள்வி இருக்கிறது. மாநிலம் அனுமதித்திருந்தாலும் மத்தியச் சட்டப்படி அது குற்றம்தான் என்று அங்கேயே எச்சரிக்கிறார்கள். எனக்குப் பின்னணிச் சோதனை பத்து நிமிடத்தில் முடிந்தது. ஊரில் கலெக்டர் ஆபீசுக்கு அலைந்து உரிமம் வாங்கிய மாமாவிடம் இதைச் சொன்னால் நம்பவே மாட்டேன் என்கிறார்.

ஏன் மேவரிக்? அது மாஸ்பெர்க் நிறுவனத்தின் மலிவு விலைத் தயாரிப்பு. டெக்சாஸ் எல்லையில் உள்ள ஈகிள் பாஸ் ஊரில் பொருத்தப்படுகிறது. அதே நிறுவனத்தின் மாஸ்பெர்க் 500-க்கும் இதற்கும் கண்ணில் படும் பெரிய வித்தியாசம், தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டி இருக்கும் இடம். 500-ல் அது மேலே, கட்டை விரலுக்குக் கீழே இருக்கும். இதில் விசைக்குப் பக்கத்தில் குறுக்கே தள்ளும் பொத்தான். இடக்கைக்காரர்களுக்கு 500 வசதி. எனக்கு வலக்கை, பணமும் மிச்சம். ரெமிங்டன் 870-ஐயும் தூக்கிப் பார்த்தேன், எஃகு உடம்பு, நல்ல கனம். பிடித்திருந்தது, ஆனால் விலை எட்டவில்லை. குழல் நீளத்தில் மட்டும் விளையாடக் கூடாது. 18 இன்ச்சுக்குக் கீழே போனால் 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனியாகப் பதிவு செய்ய வேண்டும்.

சரி, நான் செய்த தப்புக்கு வருகிறேன். துப்பாக்கியை என் தோளுக்கு அளவு பார்த்து வாங்கினேன். என் மனைவி ஐந்தடி ஒரு அங்குலம். முதல் தடவை ரேஞ்சுக்குப் போனபோது தோளில் பதிக்கும் பின்கட்டை அவளுக்கு அவ்வளவு நீளம், முன்பிடியை எட்டிப் பிடிக்கவே உடம்பைப் பின்னால் வளைக்க வேண்டியிருந்தது. அப்படி நின்று, ஒரே தோட்டாவில் பல பெரிய குண்டுகள் அடங்கிய பக்‌ஷாட் சுட்டால் என்ன ஆகும்? இரண்டு தோட்டாவோடு வைத்துவிட்டாள். மறுநாள் தோளில் கத்திரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது. இன்னொரு சிக்கல்: முன்பிடியை முழுதாகப் பின்னால் இழுக்காமல் பாதியிலேயே முன்னே தள்ளிவிட்டாள். காலித் தோட்டா வெளியே வரவில்லை, அடுத்தது ஏறவும் இல்லை. பம்ப் துப்பாக்கி சிக்குவது பெரும்பாலும் இப்படித்தான். கை எட்டாதவருக்கு இது அடிக்கடி நடக்கும்.

500-க்கு வரும் கட்டைகள் இதற்கும் பொருந்தும். நீளம் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒன்றை நூறு டாலருக்குமேல் கொடுத்து வாங்கினேன். துப்பாக்கி விலையில் பாதி! பின்னால் உள்ள ரப்பரைக் கழற்றி, உள்ளே நீளமான ஸ்க்ரூ டிரைவரை விட்டால் ஒரே ஒரு போல்ட்தான். பன்னிரண்டரை இன்ச்சில் வைத்தோம். எனக்குக் கொஞ்சம் குட்டையாக இருக்கிறது, ஆனால் சுட முடிகிறது. நெட்டையானவர் குட்டைக் கட்டையோடு சமாளித்துவிடுவார். குட்டையானவரால் நீளக் கட்டையோடு முடியாது. வீட்டில் யார் சின்ன உருவமோ அவருக்கு அளவெடுத்த பிறகு பிராண்டைப் பற்றி யோசியுங்கள். குறைந்த உதைப்பு என்று எழுதியிருக்கும் பக்‌ஷாட் வாங்கியதும் அவள் பயம் போயிற்று. பழகுவதற்கு விலை குறைந்த, பொடிக் குண்டுகள் அடங்கிய பர்ட்‌ஷாட் போதும். 2020-ல் அதுவும் கிடைக்காமல் திண்டாடினோம். அந்த மாதங்களில் டம்மி தோட்டா போட்டு ஹாலில் இழுத்து இழுத்துப் பழகினோம்.

எங்கள் படுக்கையறைக் கதவிலிருந்து நடையின் கடைசி வரை 27 அடி. அதே தூரத்தில் அட்டைப் பெட்டி வைத்துச் சுட்டுப் பார்த்தேன். டபுள் ஆட் என்ற அளவுள்ள சாதாரண பக்‌ஷாட்டில் ஒன்பது பால்ரஸ் குண்டுகளும் ஒரு தோசை அகலத்துக்குப் பரவின. ஃபெடரல் நிறுவனத்தின் ஃப்ளைட்கன்ட்ரோல் தோட்டாவில் எட்டுக் குண்டுகளும் ஒரு இட்லிக்குள் விழுந்தன. ஷாட்கன் என்றால் குறி பார்க்கவே வேண்டாம் என்பதெல்லாம் சும்மா. அரை இன்ச் ஷீட்ராக் (ஜிப்சம் பலகை) சுவர் இந்தக் குண்டுகளுக்கு அப்பளம் மாதிரி. எங்கள் நடையின் இடப்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் மகளின் அறை. அந்தத் திசையில் சுடுவது என்ற பேச்சே இல்லை என்று முடிவு செய்தோம். ஏதாவது நடந்தால் அவளை எங்கள் அறைக்குள் இழுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு 911-க்குப் போன், அவ்வளவுதான் திட்டம்.

வாங்கும்போது மகளுக்கு ஆறு வயது. 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை கையில் குண்டு நிரப்பிய துப்பாக்கி எட்டும்படி அலட்சியமாக விட்டால் டெக்சாஸில் குற்றம். அதனால் எண் அழுத்தும் பெட்டகம், உள்ளே துப்பாக்கி. குழலுக்குக் கீழே உள்ள குழாயில் ஐந்து தோட்டா; சுடத் தயாராகத் தோட்டா ஏறி நிற்கும் அறை காலி. இந்த வகைப் பம்ப் துப்பாக்கிகளில் சேஃப்டி பெரும்பாலும் விசையை மட்டும்தான் தடுக்கும். அறையில் தோட்டாவோடு கீழே விழுந்தால் வெடிக்காது என்று நம்பிவிடக் கூடாது.

ஆறு வருடத்தில் அதை எடுக்கப் போன ராத்திரி ஒன்றுதான். இரண்டு மணிக்குப் பின்கட்டில் பெரிய சத்தம். எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன். மூன்றாவது தடவை சரியாக அழுத்தியும் பெட்டகம் வாயைத் திறக்கவில்லை, பேட்டரி செத்திருந்தது. சாவி கார் டாஷ்போர்டில். மனைவி டார்ச்சை எடுத்து ஜன்னல் வழியாக அடித்தாள். ரக்கூன் ஒன்று குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துவிட்டு, முந்தின நாள் பிரியாணி எலும்பை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தது. காலையில் சாவியை எடுத்துவந்துதான் துப்பாக்கியை வெளியே எடுத்தேன். குழலில் துருப்புள்ளி இரண்டு. எண்ணெய் போட்டுப் பல மாதம் ஆகியிருந்தது.