ரப்பரா, பாலியூரித்தேனா, வெறும் இரும்பா? வேறு என்ஜின் ஏற்றும்போது மவுண்ட் கணக்கு

வேறு காரின் என்ஜினை ஏற்றும் வேலையில் பேச்செல்லாம் குதிரைசக்தியைச் சுற்றியே ஓடும். அந்த என்ஜினைத் தாங்கப்போகும் மூன்று நான்கு மவுண்ட்டுகளைக் கடைசி நாளில், கையில் கிடைத்த இரும்பில் வெட்டி ஒட்டுவார்கள். வண்டி ஓடும். சிவப்பு விளக்கில் நின்று ஏர்கான் போட்டதும் டேஷ்போர்டு கடகடவென்று ஆடும்போதுதான் மவுண்ட் நினைவுக்கு வரும்.

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: என்ஜினைப் பிடிக்கும் இரும்புத் தாங்கியான பிராக்கெட்டை எதில் செய்வது, அதற்கும் வண்டியின் சட்டமான சேஸிக்கும் நடுவே எதை வைப்பது. இரண்டாவதுதான் பலருக்குத் தப்புகிறது.

நடுவில் எதை வைப்பது

நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு உதை. ஐடில், அதாவது வண்டி நிற்கும்போது என்ஜின் சுழலும் வேகம், நிமிடத்துக்கு 750 சுற்று என்றால் வினாடிக்கு 25 அதிர்வு. மவுண்ட் மேல் உட்கார்ந்த என்ஜினுக்கும் சொந்தமாக ஓர் அதிர்வெண் உண்டு. வரும் அதிர்வு அதைவிட 1.4 மடங்குக்கு மேல் இருந்தால்தான் மவுண்ட் அதை அடக்கும். அதற்குக் கீழே வந்தால் பெருக்கிக் கொடுக்கும். ரப்பரில் அந்தச் சொந்த எண் 10 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். எல்லை 14, 25 தாராளமாக வெளியே நிற்கிறது. அதே இடத்தில் நான்கு மடங்கு விறைப்பான பாலியூரித்தேன் போட்டால் சொந்த எண் இரட்டிப்பாகி 20 ஆகும், எல்லை 28. இப்போது 25 உள்ளே மாட்டிக்கொண்டது. ஐடிலை 900க்கு உயர்த்தினால் 30 ஆகி மயிரிழையில் தப்பலாம். ஆனால் வருடம் முழுக்க ஏர்கான் ஓடும் ஊரில் கம்ப்ரெஸர் சுமை ஏறும்போதெல்லாம் ஐடில் கொஞ்சம் சரியும், ஆட்டமும் திரும்பும்.

கடினத்தை அளக்கும் ஷோர் ஏ கணக்கில் கம்பெனி ரப்பர் பெரும்பாலும் 45 முதல் 65க்குள் இருக்கும். பாலியூரித்தேன் 60இல் தொடங்கி 95 வரை கிடைக்கும். தினமும் ஓட்டும் வண்டிக்கு 75ஐத் தாண்டுவது வீண் வீம்பு.

பழைய மவுண்ட்டின் ஓட்டைகளில் பாலியூரித்தேனை நீங்களே நிரப்புவதானால், நம் சிங்கப்பூரின் ஈரக்காற்று இதில் நண்பனும் எதிரியும். இரு பாகமாக வரும் திரவம் ஈரத்தோடு வினைபுரிந்து வாயு விடும். உள்ளே நுரை கட்டி, வெளியே பளபளவென்று இருக்கும் மவுண்ட் ஒரே மாதத்தில் நொறுங்கும். குளிரூட்டிய அறையில், உலர்ந்த பாத்திரத்தில், தராசில் எடை போட்டுத்தான் கலக்க வேண்டும். கண்ணாடி ஒட்டும் பாலியூரித்தேன் பசைக்கோ அதே ஈரம்தான் உயிர். ஆனால் அது நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 மி.மீ. ஆழம்தான் இறுகும். ஒரேயடியாகக் குழலைக் காலி செய்தால் மேலே தோல் கட்டி நடுவில் கூழாகவே கிடக்கும். 5, 6 மி.மீ. அடுக்காகப் போடுங்கள், அடுக்குக்கு இரண்டு நாள். ரெடிமேட் புஷ் (மவுண்ட் நடுவில் செருகும் பாலியூரித்தேன் துண்டு) வாங்கினால் பாலியீதர் வகையா என்று கேளுங்கள். பாலியெஸ்டர் வகை வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் சீக்கிரம் சிதையும்.

வெறும் இரும்பு மவுண்ட் ரேஸ் வண்டிக்கு. சாலை வண்டியில் அதற்கு ஒரே நல்ல வேலை, என்ஜினை இடத்தில் நிறுத்தி அளவெடுக்கும்வரை தற்காலிகமாகத் தாங்குவது. மோசமான கலப்பு ஒன்று உண்டு: முன்னால் ரப்பர், கியர்பாக்ஸில் இறுக்கமான இரும்பு. என்ஜின் முறுக்க நினைக்கும், வால் பகுதி விடாது, அலுமினிய உறை விரிசல் விடும். கியர்பாக்ஸ் மவுண்ட் ஒருபோதும் என்ஜின் மவுண்ட்டைவிட விறைப்பாக இருக்கக் கூடாது.

எவ்வளவு விசை வரும்

200 நியூட்டன் மீட்டர் என்ஜின், முதல் கியர் 3.3. நீளவாக்கில் வைத்துப் பின்சக்கரம் ஓட்டும் வண்டியில் மவுண்ட்டுகள் தாங்குவது 660 நியூட்டன் மீட்டர். இரு மவுண்ட்டுக்கும் இடைவெளி 50 செ.மீ. என்றால் ஒரு பக்கம் சுமார் 135 கிலோ தூக்கல், மறுபக்கம் அதே அளவு அழுத்தம். ரப்பரே போதும்.

அதே என்ஜினைக் குறுக்காக வைத்தால் சக்கரத்துக்கு முந்தைய கடைசிப் பற்சக்கர ஜோடியான ஃபைனல் டிரைவும் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அதன் விகிதம் 4.1 என்று வைத்துப் பெருக்கினால் சுமார் 2,700 நியூட்டன் மீட்டர். 60 செ.மீ. இடைவெளியில் 460 கிலோ. பலர் கோட்டை விடும் கணக்கு இதுதான். இங்கே எடை தாங்கும் இரு பக்கமும் ரப்பர், முன்பின் உருளலைத் தடுக்கும் கையில் மட்டும் ஷோர் 75 பாலியூரித்தேன் என்பதே சரியான பங்கீடு.

எதைப் போட்டாலும், நடுவில் உள்ளது கிழிந்தாலும் இரும்பு இரும்பைப் பிடித்து நிறுத்தும்படி செய்யுங்கள். 1971இல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 67 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்ததே இதற்காகத்தான்: ரப்பர் பிரிந்து, என்ஜின் எழும்பி, ஆக்ஸிலரேட்டரை இழுத்துப் பிடித்துக்கொண்டது.

பிராக்கெட்: தகடா, குழாயா

6 மி.மீ. மைல்ட் ஸ்டீல் தகட்டைப் பெட்டிபோல் மடக்கிச் செய்வது எளிது. அட்டையில் மாதிரி வெட்டி, கிரைண்டரில் அறுத்து முடித்துவிடலாம். ஒற்றைத் தகடாக விட்டால் பக்கவாட்டில் படபடக்கும். முக்கோணத் தாங்கு தகடு கட்டாயம். 38 மி.மீ. வெளிவிட்டம், 3 மி.மீ. சுவர் கொண்ட குழாய் எடை குறைவு, எக்ஸாஸ்ட் அருகே நுழைந்து போகும். ஆனால் முனையை மீன்வாய்போல் குடைய வேண்டும். ஒரு மி.மீ. இடைவெளியை வெல்டால் நிரப்பினால் அங்கேதான் முறியும். முதன்முறை செய்பவருக்குத் தகடு. துவாஸ் பக்கம் கப்பல் பட்டறைத் துண்டாக நல்ல ஸ்டெயின்லெஸ் கிடைத்தாலும் ஆசைப்பட வேண்டாம். வெல்ட் சூட்டில் மைல்ட் ஸ்டீலைவிட அதிகம் கோணும்.

ஹோண்டா சிவிக்கில் கே20 என்ஜின் போன்ற, ஆயிரம் பேர் செய்த வண்டி-என்ஜின் ஜோடிக்கு ரெடிமேட் கிட் இருக்கும்போது சொந்தமாகச் செய்வதில் லாபமில்லை. அரிய ஜோடி என்றால் வேறு வழியில்லை. சிங்கப்பூர் பதிவு வண்டியாக இருந்தால் வெல்டிங்குக்கு முன்னாலேயே நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். வீவக கார்நிறுத்துமிடத்தில் இந்த வேலை நடக்காது, காக்கி புக்கிட்டிலோ சின் மிங்கிலோ பட்டறை இடம் பாருங்கள்.

பொருத்தும்போது காலி பிளாக்கோடு கியர்பாக்ஸைப் பூட்டித் தொங்கவிடுங்கள். என்ஜின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்புக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் 20 மி.மீ., பானெட்டுக்கும் விசிறிக்கும் தலா 25. புது ரப்பர் படிந்து இறங்கும் என்பதால் 3 முதல் 5 மி.மீ. உயர்த்தியே நிறுத்துங்கள். பின்சக்கர வண்டியில் கியர்பாக்ஸ் வால் 3 டிகிரி கீழே, டிஃபரன்ஷியல் மூக்கு அதற்கு இணையாக மேலே. இரண்டுக்கும் வித்தியாசம் 1 டிகிரிக்குள் இருந்தால்தான் இரண்டையும் இணைக்கும் தண்டான ப்ராப் ஷாஃப்ட் வேகத்தில் முனகாது.

வண்டியில் வைத்து நான்கு புள்ளியில் டேக் (சிறு தற்காலிக வெல்ட்) மட்டும். முழு வெல்ட் மேஜையில், 10 மி.மீ. தகட்டில் போல்ட் போட்டு இறுக்கியபின். இல்லாவிட்டால் வெல்ட் சுருங்கி துளைகள் 2 மி.மீ. விலகும், அப்புறம் கடப்பாரைதான். ரப்பரைக் கழற்றிவிட்டுத்தான் வெல்ட். பேட்டரி, ஆல்டர்னேட்டர் வயரையும் எடுத்துவிடுங்கள். சேஸி ரெயில் உள்ளே வெற்று. எம்12 போல்ட் போகும் துளையில் உள்ளே குழாய் ஸ்லீவ் வைக்காமல் இறுக்கினால் ரெயில் நசுங்கும், போல்ட் தளரும், மறுபடி இறுக்க மறுபடி நசுங்கும். வெளியே விசையைப் பரப்ப 3 மி.மீ. தகடு, மூலைகள் உருட்டி.

ரப்பர் மின்சாரம் கடத்தாது. என்ஜினுக்கும் பாடிக்கும் 25 சதுர மி.மீ. எர்த் வயர் போடுங்கள். மறந்தால் ஸ்டார்ட்டர் மின்னோட்டம் கிளட்ச் கேபிள் வழியே போய் அதைப் பொசுக்கும். போல்ட் தலைக்கும் பிராக்கெட்டுக்கும் குறுக்கே வெள்ளை பெயிண்ட் கோடு இழுத்து, 500 கி.மீ. கழித்துக் குனிந்து பாருங்கள். கோடு உடைந்திருந்தால் சும்மா இறுக்கிவிட்டுப் போகாமல், ஸ்லீவ் சரியாக உட்கார்ந்ததா என்று கழற்றிப் பார்க்க வேண்டும்.