குளிர்ந்த கடலில், ஆழம் குறைந்த கப்பல் சிதைவுக்கு எது: வெட்சூட்டா, டிரைசூட்டா?

வெட்சூட் என்பது கொஞ்சம் நீரை உள்ளே விடும் ரப்பர் நுரை முழுக்குடை; டிரைசூட் நீரே புகாதது. “பன்னிரண்டு மீட்டர்தானே, 7 மி.மீ. வெட்சூட் போதும்” என்று படகில் யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்கமாட்டார். அவர் சொல்வது பாதிதான் சரி.

சரியான பாதியை முதலில் பார்த்துவிடலாம். வெட்சூட்டின் நியோபிரீன் என்ற ரப்பர் நுரைக்குள் அடைபட்டிருக்கும் நுண்ணிய வாயுக் குமிழ்கள்தான் உடல்சூட்டைக் காக்கின்றன. 10 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல 2 மடங்கு, 30 மீட்டரில் 4 மடங்கு. ஆழம் போகப் போக அந்தக் குமிழ்கள் நசுங்கி, உடை மெலிந்துவிடும். ஆழம் குறைந்த இடத்தில் அதன் தடிமன் ஓரளவு மிஞ்சும்.

இனி மற்ற பாதி. PADI (பாடி) என்ற முழுக்குப் பயிற்சி அமைப்பின் அட்டவணைப்படி, நடுவில் நிறுத்தாமல் நேராக மேலே வர அனுமதியுள்ள நேரம் 30 மீட்டரில் 20 நிமிடம், 18 மீட்டரில் 56, 12 மீட்டரில் 147. ஆக, ஆழம் குறைந்த சிதைவில் அட்டவணை உங்களை மேலே விரட்டாது. காற்று தீரும், இல்லையென்றால் குளிர் துரத்தும். நீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வேகமாக உடல்சூட்டை உறிஞ்சும். 8 டிகிரி நீரில் வெட்சூட்டோடு அரைமணி நேரம் கழிந்தால் முதலில் கைவிட்டுப் போவது விரல்கள்தான். விளக்கை மாட்டியிருக்கும் கொக்கியின் சிறு குமிழைக் கட்டைவிரலால் இழுக்கப் பார்ப்பீர்கள்; விரல் அழுத்துவது கண்ணுக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. உடைந்த தகடுகளுக்கு நடுவே, திரும்பும் வழிக்காக விரிக்கும் நூல் சுருளையும் அதே விரல்களால்தான் சுற்ற வேண்டும்.

டிரைசூட்டில் உடம்பு நனையாது. சூட்டைக் காப்பது உள்ளே போடும் தடித்த உள்ளுடையும் அதில் தங்கும் காற்றும். தொல்லையும் அந்தக் காற்றில்தான். 30 மீட்டரிலிருந்து 20-க்கு ஏறினால் அது மூன்றில் ஒரு பங்குதான் பெருகும். 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வந்தால் இரட்டிப்பாகிவிடும். அதாவது டிரைசூட் அதிகம் முரண்டு பிடிப்பது ஆழம் குறைந்த நீரில்தான். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

சிதைவில் இது இன்னும் மோசம். கரையோரத்தில் அலையடித்து மேல்கட்டுமானமெல்லாம் சிதறிப்போய், பெரும்பாலும் கொதிகலனும் எஞ்சினும் கொஞ்சம் தகடுகளும்தான் மிஞ்சியிருக்கும். கொதிகலனுக்கு அடியில் என்ன ஒளிந்திருக்கிறது என்று தலையைக் குனிந்து எட்டிப்பார்க்காதவர் யார்? குனிந்ததும் காற்று கால்பக்கம் ஓடும், கால்கள் மேலே கிளம்பும். முழங்காலை மார்போடு மடக்கி, சட்டென்று புரண்டு, தோளைத் தூக்கி இடக்கை மேலுள்ள வால்வு வழியாகக் காற்றை விட வேண்டும். பழகாதவருக்கு இது தலைகீழ் சர்க்கஸ். துருப்பிடித்த தகட்டின் விளிம்பு வேறு இருக்கிறது: வெட்சூட் கிழிந்தால் ஒரு ஓட்டை, அவ்வளவுதான். டிரைசூட் கிழிந்தால் நீர் உள்ளே வரும், உள்ளுடை ஊறும், மிதப்பும் குறையும்.

ரெகுலேட்டர், அதாவது தொட்டிக் காற்றை வாய்க்குத் தரும் கருவி, உறைவது இரண்டுக்கும் பொது. 10 டிகிரிக்குக் கீழே குளிர்நீருக்கென்று தேறிய ரெகுலேட்டர் வேண்டும். டிரைசூட்காரர் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மூச்சை இழுக்கும்போதே தொட்டியிலிருந்து உடைக்குள் காற்று ஏற்றினால் ரெகுலேட்டர் இன்னும் குளிரும். சிறு சிறு தட்டலாக ஏற்றுவது நல்லது.

எல்லாம் சொன்னாலும், என் வாக்கை டிரைசூட் பக்கம் சாய்ப்பது நீருக்கு மேலே நடப்பதுதான். ஈர வெட்சூட்டோடு காற்றடிக்கும் படகில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு இரண்டாம் முழுக்குக்கு இறங்குபவர் பாதிச் சூட்டை அங்கேயே தொலைத்திருப்பார்.

எனவே 10 டிகிரிக்குக் கீழே டிரைசூட்தான், பேச்சே இல்லை. 14, 15 டிகிரி, ஒரே முழுக்கு, உடனே கரை என்றால் நல்ல 7 மி.மீ. வெட்சூட், முகமூடியோடு ஒட்டும் தலையுறை, 5 மி.மீ. கையுறை போதும். இடைப்பட்ட குளிருக்கு, மணிக்கட்டிலும் கழுத்திலும் இறுகப் பிடித்து நீரை அதிகம் விடாத ‘செமி-டிரை’ வெட்சூட் உண்டு. ஆனால் இரண்டாம் முழுக்கு இருந்தால் நான் அதை எடுக்கமாட்டேன். டிரைசூட் முதல்முறை என்றால், சிதைவுக்குப் போகும் முன் வெறும் மணல்தரையில் அந்தப் புரளலைச் சில தடவை செய்து பழகிவிடுங்கள்.