உரிமம் காக்க ஒலித்த வானொலி: கோத்தகிரியிலிருந்து 12 நாட்கள் கேட்ட அனுபவம்

கடந்த கோடையில், அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்த ஒரு சிற்றூரின் ஏஎம் (மத்திய அலை) வானொலி நிலையம், ஏறத்தாழ 11 மாதங்கள் அடங்கிக் கிடந்தபின், 12 நாட்களுக்கு மட்டும் மீண்டும் ஒலித்தது. அந்த 12 நாட்களும் மாலையில் தேயிலை எடை போட்டு முடிந்ததும் கோத்தகிரியில் உள்ள என் வீட்டுக்கு வந்து, மேசையில் மடிக்கணினியை வைத்து அதைக் கேட்டேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் நிலையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். ஒரு நேயர் என்ற முறையில் அந்தச் சேவையைப் பற்றிய என் மதிப்பீடு இது.

இப்படிச் சில நாட்களுக்கு மட்டும் ஒரு நிலையம் ஏன் கண்விழிக்க வேண்டும் என்று தோன்றலாம். அமெரிக்காவில் வானொலி உரிமங்களை எஃப்சிசி எனப்படும் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் 8 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்துத் தருகிறது. ஒலிபரப்பை நிறுத்தும் நிலையம் 10 நாட்களுக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நிறுத்தம் 30 நாட்களைத் தாண்டினால் அதற்கு அனுமதி பெற வேண்டும். அனுமதி பெற்றாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு. தொடர்ந்து 12 மாதங்கள் ஒலிபரப்பு இல்லாமல் போனால், யாரும் ரத்து செய்யாமலேயே உரிமம் காலாவதியாகிவிடும் என்று 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் விதித்தது. நியாயம் கருதி ஆணையம் உரிமத்தை மீட்டளிக்கலாம் என்று 2004இல் ஒரு விலக்கு சேர்க்கப்பட்டது என்றாலும், அதை நம்பிக் கைகட்டி இருந்துவிட முடியாது. ஆகவே கோபுரம் நின்ற நிலத்தை விற்றுவிட்டவர்கள், மின்கட்டணம் கட்ட இயலாதவர்கள், நிலையத்தை வாங்க ஆள் தேடிக்கொண்டிருப்பவர்கள் எனப் பலரும், 12ஆம் மாதம் முடிவதற்குள் எப்படியாவது ஒலிபரப்பைத் தொடங்கிவிடப் பார்க்கிறார்கள்.

இத்தனை தொலைவில் இருந்து அதைக் கேட்க உதவியது கிவிஎஸ்டிஆர் என்ற ஏற்பியாகும். 2016 வாக்கில் அறிமுகமான இந்தச் சிறு கருவி, 10 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளை வாங்கி இணையத்தில் தருகிறது. உலகின் பல ஊர்களில் ஆர்வலர்கள் தங்கள் வீட்டு ஏரியலோடு இதை இணைத்து, யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிக் கேட்கட்டும் என்று திறந்து வைத்திருக்கிறார்கள். நாம் இங்கிருந்தபடியே அந்த ஊர் ரேடியோவின் குமிழைத் திருப்புவதைப் போன்றது இது. எனக்குக் கிடைத்த ஏற்பி நிலையத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. இந்தச் சேவையில் ஒரே நேரத்தில் சிலர் மட்டுமே கேட்க முடியும். சில ஏற்பிகளில் ஒரு நாளைக்கு இத்தனை நிமிடம் என்ற வரம்பும் உண்டு. இரண்டு மாலைகள் எனக்கு இடம் கிடைக்கத் தாமதமாயிற்று. மற்றபடி, முன்பின் அறியாத ஒருவர் தம் வீட்டு மின்சாரத்தையும் இணையத்தையும் செலவழித்து இந்த வசதியைத் தருவதை நினைத்தால், இந்தச் சேவையைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

முதல் நாள் மாலை நான்கரை மணிக்கு, அதாவது அங்கே காலை 7 மணிக்கு, திரையில் அந்த அலைவரிசையில் ஒரு மெல்லிய செங்குத்துக் கோடு தோன்றியது. ஒலி எதுவும் இல்லை. டிரான்ஸ்மிட்டர் உயிர்பெற்றுவிட்டது, ஆனால் அதில் இன்னும் எதையும் ஏற்றவில்லை என்பதே அதன் பொருள். பின்னணிக் கரகரப்பு சட்டென்று அமுங்கி, யாரோ அறைக்குள் வந்து பேசாமல் நிற்பதைப் போன்ற ஓர் அமைதி மட்டும் கேட்டது. ஆறு நிமிடங்கள் கழித்து ஒரு பழைய பாடல் பாதியிலிருந்து தொடங்கியது. அங்கே எட்டு மணி ஆனதும் நிலையத்தின் அழைப்பு எழுத்துகளையும், அவற்றை அடுத்து ஊரின் பெயரையும் ஓர் ஆண் குரல் சொன்னது. ஒவ்வொரு மணியையும் ஒட்டி இந்த இரண்டையும் இதே வரிசையில் சொல்லியாக வேண்டும் என்பது அங்குள்ள விதி. ஒலிபரப்பு எவ்வளவு ஏழ்மையானதாக இருந்தாலும் ஊரின் பெயர் மணிக்கு ஒருமுறை காற்றில் ஏறிவிடும் என்பதால், இந்த விதியை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஒலியின் தரத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஏரியலைப் பற்றிச் சொல்ல வேண்டும். தற்காலிக அனுமதிக்கான விண்ணப்பங்கள் பொதுமக்கள் வாசிக்கக் கூடியவை என்பதால் இந்த நிலையத்தின் ஏற்பாட்டை அறிய முடிந்தது. அவர்களுக்குக் கோபுரம் இல்லை; இரண்டு கம்பங்களுக்கு இடையே கட்டிய ஒரு கம்பிதான் ஏரியல். ஆற்றல் 50 வாட், அதாவது ஒரு பழைய குண்டு பல்பு எரிவதற்கான மின்சாரம். ஏஎம் ஒலிபரப்பில் கோபுரமே ஏரியல் என்பதைப் பலர் அறிவதில்லை. 1500 கிலோஹெர்ட்ஸில் அலையின் நீளம் 200 மீட்டர். அதில் கால் பங்காகிய 50 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரமும், அதன் அடியிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல நாலாபுறமும் மண்ணுக்குள் புதைத்த 120 செம்புக் கம்பிகளும் இருந்தால்தான் முறையான அமைப்பு. அதற்குப் பரந்த, ஈரமான நிலம் வேண்டும். ஊர் வளர வளர, நிலையம் ஈட்டும் வருமானத்தைவிட அந்த நிலத்தின் விலை பல மடங்கு உயர்ந்துவிடுகிறது. ஏஎம் நிலையங்கள் பல நொடித்துப் போனதற்கு, நேயர்கள் எஃப்எம் பக்கமும் கைப்பேசிப் பக்கமும் போனது எவ்வளவு காரணமோ, இந்த நிலக்கணக்கும் அவ்வளவு காரணம்.

வீட்டுக்குப் பின்னால் உள்ள இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே, தேயிலைச் செடிகளுக்கு மேலாக, 30 மீட்டர் செம்புக் கம்பி ஒன்றைக் கட்டி மத்திய அலை கேட்டுவருபவன் நான். காற்று அடித்தால் கம்பி தளரும், மூடுபனியில் பீங்கான் காப்பான் நனைந்து சத்தம் கூடும், இடி இறங்கும் நாளில் ஓடிப்போய்க் கழற்ற வேண்டும். கேட்பதற்கே இந்தப் பாடு என்றால், ஒலிபரப்புவதற்குக் கம்பி கட்டியவர்கள் பட்ட சிரமத்தை என்னால் உணர முடிகிறது. நான்காம் நாள் பிற்பகலில் ஒலி ஏறி இறங்கித் தடுமாறியது. அங்கே பலத்த காற்று என்று பின்னர் அறிவிப்பாளரே சொன்னார்.

அந்தக் கம்பியையும் 50 வாட் ஆற்றலையும் வைத்துப் பார்த்தால் ஒலி நன்றாகவே இருந்தது என்பேன். பாடல்களின் மேல்சுரங்கள் மங்கியிருந்தன. மெல்லிய உறுமல் ஒன்று முதல் நாள் முதல் கடைசி நாள் வரை அடியில் ஓடிக்கொண்டே இருந்தது. மனிதக் குரல் மட்டும் தெளிவாக வந்தது. அங்கே சூரியன் மறையும் நேரம், அதாவது இங்கே விடியற்காலை, நெருங்கியதும் நிலைமை மாறியது. பகலில் தரையோடு மட்டும் பரவும் மத்திய அலை, இரவில் வானில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும் என்பதால், அதே அலைவரிசையில் உள்ள வெளியூர் நிலையங்கள் வந்து இந்தச் சிறு குரலை மூடிவிட்டன. இது பொறியாளரின் தவறன்று.

என் உண்மையான குறை நிகழ்ச்சிகளைப் பற்றியது. முதல் ஏழு நாட்கள் ஏறத்தாழ 40 பாடல்கள் திரும்பத் திரும்ப ஓடின. இடையில் மணிக்கு ஒருமுறை அறிவிப்பு, அவ்வளவுதான். 11 மாதங்களுக்குப் பிறகு கதவைத் திறக்கும் ஒரு நிலையம் தன் ஊராரிடம் சொல்ல ஒரு வார்த்தையும் வைத்திருக்காதது எனக்கு மிகவும் வருத்தமளித்தது. தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டும்போது சில தோட்டங்களில் ஒரு கிளையை மட்டும் இலையோடு விட்டுவைப்பார்கள். செடி மூச்சுவிட்டு மீண்டும் தழைப்பதற்காக அது. கிளையை விட்டதோடு கடமை முடிந்தது என்று உரம் போடாமல் போய்விட்டால் செடி பிழைக்காது. அந்த ஏழு நாட்களும் எனக்கு அப்படித்தான் இருந்தன.

எட்டாம் நாள் அது மாறியது. வழக்கமான பாடலை நிறுத்திவிட்டு, வயதான ஒருவர் ஒலிவாங்கியின் முன் வந்தார். தாம் அந்த நிலையத்தில் முன்பு வேலை செய்தவர் என்றும், வானிலையையும் ஊர்ச் செய்தியையும் சொல்லத் தமக்கு அரை மணி நேரம் தரப்பட்டிருப்பதாகவும் சொன்னார். அதை முடித்துவிட்டு, நிலையம் அடங்கியிருந்த மாதங்களில் அந்த ஊரில் காலமானவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினார். பெயர், வயது, எந்தத் தெரு, எந்தத் தேவாலயம், பின் ஒரு சிறு இடைவெளி, அடுத்த பெயர். அப்போது பக்கத்து அறையில் படுத்திருந்த என் அம்மா எழுந்து வந்து நின்றார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது.

"மரண அறிவித்தலா வாசிக்கிறாங்க, தம்பி?"

"ஆமாம்மா. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அந்தக் குரல்லயே தெரியுதே. நம்ம சிலோன் ரேடியோவிலயும் இப்படித்தான் நிறுத்தி நிறுத்தி வாசிப்பாங்க."

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையின் மலையகத் தோட்டங்களிலிருந்து நீலகிரிக்கு வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. இங்கே வந்த பிறகும் என் பெற்றோர் இலங்கை வானொலியைத் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். விட்டுவந்த தோட்டங்களில் யார் இறந்தார்கள் என்பது பல முறை கடிதத்துக்கு முன் அந்த மரண அறிவித்தல்களில்தான் தெரியவந்தது. அந்தக் காலத்தில் நம் நாட்டில் வானொலி கேட்கும் நேயருக்கும் உரிமம் வேண்டியிருந்தது. 1980களின் நடுப்பகுதி வரை, வீட்டில் ரேடியோ வைத்திருப்பவர் ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் பணம் கட்டி அதற்கான சிறு புத்தகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். அப்பாவின் புத்தகம் இன்னும் எங்கள் பெட்டியில் இருக்கிறது. கூலிக்கு வேலை செய்தவர் அந்தப் பணத்தை ஓராண்டும் தவறவிடாததன் காரணம், கடலுக்கு அப்பாலிருந்து வந்த அந்தப் பெயர்கள்தாம்.

மலையில் வாழ்பவர்களுக்கு மத்திய அலையின் அருமை வேறொரு வகையிலும் தெரியும். கொடைக்கானல் எஃப்எம் மலை உச்சியிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் பல மாவட்டங்களைச் சென்றடைகிறது. எஃப்எம்முக்கு உயரம் போதும். ஆனால் நடுவே ஒரு குன்று நின்றுவிட்டால் பள்ளத்தாக்கில் இருப்பவருக்கு அது எட்டாது. மத்திய அலை மேட்டையும் பள்ளத்தையும் தழுவிக்கொண்டு போகும். மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் போய்விடும் மழைநாட்களில், இரண்டு பேட்டரியில் ஓடும் ரேடியோவின் பயனை நீலகிரியில் மண்சரிவைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. எனவே ஓர் ஏஎம் உரிமம் காலாவதியாவது காகிதத்தோடு முடிந்துபோகும் விஷயம் அன்று. அந்த அலைவரிசையில் அந்த ஊர் பேசும் வாய்ப்பே அத்துடன் போய்விடலாம்.

அதனால் இப்படி உரிமத்தைக் காத்துக்கொள்வதை ஏமாற்றுவேலை என்று சிலர் பேசுவதை நான் ஏற்கவில்லை. ஆண்டுக்குச் சில நாட்கள் மட்டும் தலைகாட்டும் நிலையங்களை உரிமம் புதுப்பிக்கும்போது ஆணையம் கேள்வி கேட்கிறது; சிலவற்றுக்கு 8 ஆண்டுகளுக்குப் பதிலாகக் குறுகிய காலத்துக்கே புதுப்பித்துக் கொடுத்திருக்கிறது. அது சரியான நடவடிக்கைதான். ஆனால் ஒலித்ததா இல்லையா என்பதைச் சட்டம் பார்க்கிற அளவுக்கு, யாருக்காக ஒலித்தது என்பதை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். இந்த நிலையத்தின் 12 நாட்களில் உண்மையான சேவை என்று நான் எண்ணுவது, எட்டாம் நாள் முதல் கடைசி நாள் வரை அந்த முதியவர் பேசிய ஐந்து அரை மணிகளைத்தான். அந்த ஐந்துக்காகவே இதைக் கேட்டுப் பாருங்கள் என்று எந்த வானொலி நேயருக்கும் பரிந்துரைப்பேன்.

கடைசி நாள் பாடல் நடுவில் நின்றது. கோடு இன்னும் சில விநாடிகள் திரையில் இருந்து, பிறகு மறைந்தது. கேட்ட தேதிகளையும் நேரங்களையும் ஒலியின் தன்மையையும் எழுதி, வழக்கப்படி ஒரு நேயர் அறிக்கை தயாரித்தேன். அடுத்த முறை முதல் நாளிலிருந்தே அவரைப் பேச விடுங்கள், பெயர்களை முதல் நாளே வாசியுங்கள் என்று அதன் அடியில் சேர்த்து, கோத்தகிரி அஞ்சலகத்தில் கொடுத்து நிலையத்தின் முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன்.