ஆளுநர் கையெழுத்தா, மத்திய அரசின் பணமா?

சைபர் தாக்குதலைச் சமாளிக்க நேஷனல் கார்டு (பெரும்பாலும் பகுதிநேர வீரர்களைக் கொண்ட மாநில ராணுவப் படை) வீரர்களை இறக்க அமெரிக்க மாநில ஆளுநருக்கு இரண்டு வழி உண்டு.

முதலாவது, மாநிலப் பணி. ஆளுநர் ஆணையிட்டால் போதும், வாஷிங்டனைக் கேட்க வேண்டியதில்லை. 2018 பிப்ரவரியில் கொலராடோ போக்குவரத்துத் துறைக்குள் 'சாம்சாம்' ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ், புகுந்தது. சுமார் 2,000 கம்ப்யூட்டர்களை அணைத்துவைத்தார்கள், ஊழியர்கள் பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்தார்கள். ஆளுநர் ஹிக்கன்லூப்பர் அவசரநிலை அறிவித்தார், கார்டு வீரர்கள் வந்தார்கள். என்ன, செலவு மாநிலக் கஜானா தலையில்.

இன்னொன்று, மத்தியச் சட்டம் 'டைட்டில் 32'. படை அப்போதும் ஆளுநர் சொல்படிதான். சம்பளம் மத்திய அரசுடையது. முழுநேரப் பணியென்றால் ஓய்வூதியக் கணக்கிலும் சேரும், வீரர்களுக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் அவசரப் பணிக்கு பென்டகன், அதாவது அமெரிக்க ராணுவத் தலைமையகத்தின் சம்மதம் வேண்டும். ஃபைல் நகர்வதற்குள் வைரஸ் அடுத்த சர்வருக்குப் போய்விடும். முதல் நாளுக்கு மாநிலப் பணியே சரி. வாரக்கணக்கில் இழுத்தால் 'டைட்டில் 32' கேட்கலாம்.