பாராமெடிக் ஆக: பல்கலைக்கழகமா, ஆம்புலன்ஸ் டிரஸ்டா?

இங்கிலாந்தில் வளரும் பிள்ளை பாராமெடிக், அதாவது ஆம்புலன்ஸில் வந்து அவசர சிகிச்சை தருபவர், ஆகப்போகிறேன் என்றால், வீட்டில் முதலில் கேட்பது "எத்தனை மார்க் வேணும்?" என்றுதான். அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது, எந்த வழியில் போவது என்பது. ஒன்று, பள்ளி முடித்த கையோடு பல்கலைக்கழகத்தில் மூன்று வருட பாராமெடிக் சயின்ஸ் பட்டம். இன்னொன்று, அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.ஸின் கீழ் ஆம்புலன்ஸ்களை நடத்தும் ஆம்புலன்ஸ் டிரஸ்டில் வேலைக்குச் சேர்ந்து சம்பளம் வாங்கிக்கொண்டே பட்டம் முடிக்கும் டிகிரி அப்ரண்டிஸ்ஷிப்.

இரண்டும் போய்ச் சேரும் இடம் ஒன்றே. சுகாதாரத் தொழில் செய்பவர்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் எச்.சி.பி.சி. அமைப்பின் பதிவேட்டில் பெயர் இல்லாத யாரும் தன்னைப் பாராமெடிக் என்று சொல்லிக்கொள்ள சட்டம் இடம் தராது. 2021 செப்டம்பர் 1 முதல் அந்தப் பதிவுக்கான படிப்பின் குறைந்தபட்சத் தரம் ஆனர்ஸ் பட்டம். முன்பு டிப்ளமோவோடு உள்ளே வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது அவர்கள் காலத்துக்குச் சரி, இன்று புதிதாகச் சேர்பவருக்குப் பொருந்தாது.

பல்கலைக்கழகம் கேட்பது ஓரளவு தெளிவாக இருக்கும். பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வில் ஆங்கிலம், கணிதம், அறிவியல் உட்பட ஐந்து பாடங்களில் கிரேடு 4 அல்லது அதற்கு மேல். அப்புறம் பள்ளி முடிவில் எழுதும் ஏ லெவல் பாடங்கள் இரண்டு அல்லது மூன்று, அதில் ஒன்று அறிவியல். உளவியலையோ உடற்கல்வியையோ அந்த இடத்தில் ஏற்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. வேதியியல் இல்லையே என்று ஆசையை விட்டுவிட வேண்டாம், மருத்துவப் படிப்பின் விதி இங்கே இல்லை.

வயது கூடியவர்களுக்கு, இலங்கையிலோ இந்தியாவிலோ படித்துவிட்டு வந்தவர்களுக்கு, சிக்கல் வேறு. பழைய சான்றிதழ் செல்லும் என்றாலும், கடந்த மூன்று முதல் ஐந்து வருடங்களுக்குள் ஏதாவது படித்திருக்க வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் எதிர்பார்க்கின்றன. அதற்குத்தான் பெரியவர்களைப் பல்கலைக்கழகத்துக்குத் தயார்படுத்தும் ஆக்சஸ் டிப்ளமோ. பெரும்பாலும் ஒரு வருடம், மொத்தம் 60 கிரெடிட். அதற்கு வாங்கும் அரசுக் கல்விக் கடனை, பின்னர் பட்டப்படிப்பை முடித்தால் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். இதைத் தெரியாமலே தயங்கி நிற்பவர்கள் பலர்.

டிரஸ்டின் வழியில் மதிப்பெண் வாசல் கொஞ்சம் தாழ்வாக இருக்கலாம், ஆனால் வாசல் எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. பல்கலைக்கழகத்துக்கு, பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸ் மூலம் வருடாவருடம் விண்ணப்பிக்கலாம். அப்ரண்டிஸ்ஷிப்போ வேலை விளம்பரம். டிரஸ்டுக்கு ஆள் தேவைப்படும்போது வரும், சில நாட்களில் மூடிவிடும். சில டிரஸ்டுகள் ஏற்கெனவே தங்களிடம் வேலை செய்பவர்களுக்கு மட்டுமே அந்த இடத்தைத் தருகின்றன. அப்படியானால் முதலில் ஆம்புலன்ஸில் உதவியாளராகச் சேர்ந்து, படிப்படியாக ஏற வேண்டும். பதினெட்டு வயதில் தொடங்குபவருக்கு இதுவே நீண்ட பாதையாகிவிடக்கூடும்.

பணம் என்று வந்தால் டிரஸ்டின் பக்கம் தராசு சாய்கிறது. கட்டணம் கிடையாது, மாதச் சம்பளம் உண்டு. பல்கலைக்கழகத்தில் 2025-26 கல்வியாண்டின் கட்டணம் வருடத்துக்கு 9,535 பவுண்டு வரை. ஆனால் கணக்கை அங்கேயே நிறுத்தினால் தப்பு. இங்கிலாந்தில் தகுதியுள்ள பாராமெடிக் மாணவர்களுக்கு என்.எச்.எஸ். வருடத்துக்கு 5,000 பவுண்டு உதவித்தொகை தருகிறது, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இன்னும் 2,000. பன்னிரண்டு மணிநேர ஷிப்டும் இரவுப் பயிற்சியும் இருக்கிற படிப்பில் பகுதிநேர வேலை பார்ப்பது லேசல்ல, அதனால் இந்தத் தொகை பெரிய உதவி.

இப்போது மார்க்கைவிட அதிகம் பேரைத் தடுக்கி விடும் விஷயத்துக்கு வருகிறேன்: ஓட்டுநர் உரிமம். ஆம்புலன்ஸ்கள் பல 3.5 டன்னைத் தாண்டுபவை, அவற்றை ஓட்ட சி1 பிரிவு வேண்டும். 1997க்கு முன் கார் டெஸ்ட் பாஸ் செய்தவர்களுக்கு அது தானாகவே வந்தது. இன்றைய இளைஞர் முதலில் கார் உரிமம் முழுதாகப் பெற வேண்டும், அதன்பின் டாக்டரிடம் உடல் பரிசோதனை செய்து டி4 படிவம், பிறகு சி1 தற்காலிக உரிமம், அதற்கும் மேல் எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு. ஒன்று முடியாமல் அடுத்தது நகராது. பல்கலைக்கழகங்களில் சில, சேரும்போதே ஏதாவதொரு கட்டத்தை முடித்திருக்கச் சொல்கின்றன, சில கேட்பதே இல்லை. கேட்காத இடத்தில் சேர்ந்தவர் மூன்றாம் வருடக் கடைசியில், வேலைக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில், இதற்காக அலைய நேரும். டிரஸ்ட் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே கேட்டுவிடும்.

நேர்காணல் இரண்டிலும் கடினம்தான். வீட்டில் விழுந்து கிடந்த வயதான அம்மா ஒருவர், ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார், என்ன செய்வாய் என்பது போலக் கேட்பார்கள். "வற்புறுத்தி ஏற்றிவிடுவேன்" என்ற பதில் எடுபடாது. அவருக்கு முடிவெடுக்கும் நிலை இருக்கிறதா, ஏன் மறுக்கிறார், கூட யார் இருக்கிறார் என்று யோசிக்கிறவரைத்தான் தேடுகிறார்கள். மனப்பாடம் இங்கே கைகொடுக்காது.

என் கருத்தைக் கேட்டால், பாடங்கள் பொருந்துகிற பதினெட்டு வயதுக்காரர் பல்கலைக்கழகத்துக்கே போகட்டும். பிரசவ வார்டு, அறுவை அரங்கு, மனநலப் பிரிவு என்று பல இடங்களில் மாணவராக நின்று நிதானமாகக் கற்கலாம், தப்புச் செய்தால் திருத்த ஆள் இருப்பார்கள். குடும்பத்தைத் தாங்குகிற முப்பது வயதுக்காரருக்கு, உதவியாளர் வேலை வழியாகவே என்றாலும், டிரஸ்ட்தான் நல்லது. மாதச் சம்பளம் நின்றுபோனால் எவ்வளவு ஆர்வம் இருந்தாலும் படிப்பு பாதியில் நிற்கும்.

ஒன்றுக்கு விண்ணப்பித்தால் மற்றதற்குக் கூடாது என்று விதி ஏதும் இல்லை. யூகாஸில் ஐந்து தெரிவுகளையும் போட்டுவிட்டு டிரஸ்டின் வேலைப் பக்கத்தையும் கவனித்து வரலாம். சி1 வேலையை மட்டும் இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.