மாலைதீவா, தாய்லாந்தா? ஆங்கிலம் படிப்பிக்கப் போகிறவரின் காசுக் கணக்கு

கம்பஸ் முடித்து, அரச நியமனம் இன்று வரும் நாளை வரும் என்று இருக்கும் யாழ்ப்பாணத்து ஆங்கிலப் பட்டதாரிக்கு வெளியே படிப்பிக்கத் திறந்திருக்கும் கதவுகள் கொஞ்சம்தான். தென்கொரியாவும் சீனாவும் பெரும்பாலும் பிரித்தானியா, அமெரிக்கா போன்ற, ஆங்கிலம் தாய்மொழியான நாடுகளின் கடவுச்சீட்டைத்தான் தேடுகின்றன. மிச்சத்தில் நம்மவர் அதிகம் யோசிப்பது மாலைதீவையும் தாய்லாந்தையும்தான். நான் போனது மாலைதீவுக்கு, தலைநகர் மாலேயிலிருந்து தள்ளியிருக்கும் ஒரு சின்னத் தீவுப் பள்ளிக்கூடத்துக்கு. தாய்லாந்துக் கணக்கு என்னோடு படித்த சிநேகிதியுடையது. பிளேன்டி குடித்த காசைக்கூட கொப்பியில் எழுதி வைக்கிற ஆள் என்பதால் அவள் சொல்வதை நம்பி எழுதுகிறேன்.

பத்திர வேலைகளில் பெரிய வித்தியாசம் இல்லை. சான்றிதழை உறுதிப்படுத்தக் கொழும்புக்கு அலையத் தேவையில்லை, யாழ்ப்பாணத்திலேயே வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் அலுவலகம் உண்டு. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு இரண்டுக்கும் வேண்டும். தாய்லாந்துக்கு மேலதிகமாக டோயிக் (TOEIC) என்ற ஆங்கிலப் பரீட்சையில் 600 புள்ளியோ அதற்கு ஈடான வேறு பெறுபேறோ கேட்பார்கள், அந்தப் பரீட்சைக் கட்டணத்தையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, சம்பளத்துக்கு வருவோம். சிநேகிதிக்கு முகவர் நிறுவனம் ஊடாக மாதம் 25,000 பாட். மாலைதீவுக்கு ஒரு பேச்சுக்கு 12,000 ரூபியா என்று வைத்துக்கொள்வோம். டொலராக மாற்றினால் தாளில் இரண்டும் எழுநூறு சொச்சம். இதைப் பார்த்துவிட்டு, “தாய்லாந்தில் சாப்பாடு மலிவு, ஊரும் கலகலப்பு, அங்கேயே போ” என்று எனக்கு அறிவுரை சொன்னவர்கள்தான் கூட. சாப்பாடு மலிவுதான், அதை மறுக்கவில்லை.

ஆனால் ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை: வருடத்தில் எத்தனை மாதம் சம்பளம்?

தாய்லாந்துப் பள்ளிக்கூடங்கள் மே நடுப்பகுதியில் தொடங்கி, ஒக்டோபரில் ஒரு விடுமுறை விட்டு, மார்ச்சில் மூடிவிடும். முகவர் மூலம் எடுக்கப்படுகிறவர்களுக்குப் பெரும்பாலும் பத்து மாத ஒப்பந்தம்தான். 25,000 பாட் பத்து மாதத்துக்கு 2,50,000. அதைப் பன்னிரண்டால் பிரித்தால் மாதம் 20,800 சொச்சம். வாடகைக்கோ பத்து மாதம் என்ற கதை கிடையாது. அறையை விட்டுவிட்டு வந்தால் மே மாதம் திரும்பவும் இரண்டு மாத முற்பணம், ஒரு மாத வாடகை என்று கட்ட வேண்டும். விடாமல் வந்தால் பூட்டின அறைக்கு வாடகை. சிநேகிதியின் அறை 5,000 பாட். முதல் சம்பளத்தைக் கண்ணால் காண முன்னரே 15,000 கையை விட்டுப் போனது. மின்சாரத்துக்கும் வீட்டுக்காரர் தன் கணக்கில் யூனிட்டுக்கு 8 பாட் எடுக்கிறார், அரச விலை அதில் பாதியளவுதான். கோடை முகாம் வகுப்புகள் எடுத்து ஒரு ஏப்ரலைச் சமாளித்தாள், அடுத்த வருடம் அதுவும் கிடைக்கவில்லை.

எங்களில் அநேகம் பேர் கையில் காசோடு வெளிக்கிடுவதில்லை. அம்மாவின் சங்கிலியோ அக்காவின் காப்போ அடகில் இருக்கும். அடகுக் கடை வட்டிக்குப் பள்ளிக்கூட விடுமுறை தெரியாது. அதனால்தான் சம்பளத் தொகையை விட இந்தப் பத்தா பன்னிரண்டா என்பதை நான் பெரிதாக எடுத்தேன்.

மாலைதீவில் எனக்குக் கிடைத்த ஒப்பந்தம் பன்னிரண்டு மாதத்துக்கு, விடுமுறைக்கும் சம்பளம். தங்குமிடமும் பள்ளிக்கூடத்தின் பொறுப்பு. கேரளத்து ஆசிரியைகள் இரண்டு பேரோடு ஒரு வீடு. முற்பணம் என்று ஒரு சதம் கட்டவில்லை. எல்லா ஒப்பந்தமும் இப்படி இருக்காது, வீட்டுக்குப் பதில் வாடகைப் படி கொடுக்கிறவர்களும் உண்டு. மாலேயிலோ ஹுல்ஹுமாலேயிலோ வேலை என்றால் அந்தப் படியைக் கொண்டு அறை தேடிப் பாருங்கள், சம்பளத்தில் பாதி அதற்கே போய்விடும். நான் சொல்வதெல்லாம் வெளித்தீவுகளுக்குத்தான்.

தீவில் செலவழிக்க இடமும் இல்லை. அரிசி, மா, சீனி அரச மானியத்தில் வருகிறது. மீன் பெரும்பாலும் பக்கத்து வீட்டிலிருந்து சும்மாவே வரும். காலையில் தீவுக்காரர் ரொஷி என்ற ரொட்டியும் மஸ்ஹுனியும் சாப்பிடுவார்கள். மஸ்ஹுனி என்பது சூரை மீன், தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய், தேசிப்புளி சேர்த்துப் பிசைந்தது. மாசிச் சம்பலில் வளர்ந்த நாக்குக்கு அது பழக ஒரு நேரம்கூட ஆகாது. மரக்கறிதான் கொள்ளை விலை. மாலேயிலிருந்து சரக்குப் படகு வருகிற அன்று கடைக்குப் போகாவிட்டால் வாடின கோவாவும் உருளைக்கிழங்கும்தான் மிச்சம். காற்று காலத்தில் படகு பிந்தினால் அதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடாதவர்கள் பருப்பு, கடலை, அப்பளம் எல்லாம் ஊரிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள்.

இனி மாலைதீவின் ஓட்டை. சம்பளம் ரூபியாவில். ஒரு டொலருக்கு 15.42 என்பது அரச விலை. அந்த விலையில் வங்கி தருகிற டொலர் அளவோடுதான். அதற்கு மேல் வேண்டுமானால் வெளியில் கூடிய விலைக்கு வாங்குகிறார்கள். வெளியில் 18 போகிறது என்று வைத்தால், 778 டொலராகத் தெரிந்த 12,000 ரூபியா 667 ஆகிவிடும். நூற்றுச் சொச்சம் டொலர் காற்றோடு போகிறது. சேமிப்பைப் பன்னிரண்டு மாதத்துக்கும் பரவலாக, மாதாமாதம் வங்கி தருகிற அளவுக்குள் அனுப்பினால் இந்த இழப்பைக் குறைக்கலாம். மொத்தமாகச் சேர்த்து வைத்துக் கடைசியில் மாற்றுகிறவர்தான் நன்றாக அடிபடுவார். வங்கிக்கு வெளியே உண்டியலில் அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள், நான் அந்தப் பக்கம் போகவில்லை, போகச் சொல்லவும் மாட்டேன். 2020க்கு முன் வெளிநாட்டு ஊழியர் அனுப்பும் காசில் 3 வீதம் வரியும் எடுத்தார்கள், இப்போது அது இல்லை. இந்த இழப்பைக் கழித்துப் பார்த்தாலும் வாடகையில்லாத பன்னிரண்டு மாதம் முன்னுக்குத்தான் நின்றது. தாய்லாந்தில் பாட்டை டொலராக்க இந்தத் தலையிடி இல்லை என்று சிநேகிதி சொல்கிறாள்.

தனிமை கணக்கில் வராது, ஆனால் செலவில் வரும். தீவு சலித்து மாதம் ஒருமுறை மாலேக்கு ஸ்பீட் போட் ஏறுகிறவரின் சேமிப்பு அங்கேயே கரைந்துவிடும். கட்டுநாயக்கவுக்கு மாலேயிலிருந்து ஒன்றரை மணித்தியாலம்தான், ஆனால் தீவிலிருந்து மாலேக்கு வந்து சேர்வதுதான் பயணம்.

கடன் இல்லாமல், நாலைந்து மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு போகக்கூடியவர் தாய்லாந்துக்குப் போகலாம். பள்ளிக்கூடமே நேரடியாக எடுத்துப் பன்னிரண்டு மாதச் சம்பளம் தருவதாக இருந்தால் நானே மறுபடி யோசித்திருப்பேன். எந்த நாடானாலும் கையெழுத்து வைக்க முன் மூன்று விடயத்தை எழுத்தில் கேளுங்கள்: விடுமுறை மாதங்களுக்குச் சம்பளம் உண்டா, தங்குமிடம் வீடா படியா, போக வர டிக்கெட் யார் செலவு. “வந்த பிறகு பார்க்கலாம்” என்று பதில் வந்தால் சங்கிலியை அடகு வைக்க அவசரப்பட வேண்டாம்.